வீடியோ பார்த்துப் பாடினால் தொண்டை கட்டிக்கொள்கிறது: தப்பு குரலிலா, கட்டையிலா?

அவிநாசி ரோடு அம்மிணி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன், வயது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. பாட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு, வீட்டு நிலைமை விடவில்லை. இப்போதுதான் சாயங்காலம் கொஞ்ச நேரம் எனக்கென்று கிடைக்கிறது. வகுப்புக்குப் போக ஷிப்ட் நேரம் ஒத்துவராததால் போனில் வீடியோ பார்த்துத்தான் பழகுகிறேன். ஒரு வாத்தியார் ஆரம்பப் பாடமான சரளி வரிசையிலிருந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார், அவர் பாடப் பாட நானும் கூடவே பாடுவேன். தம்புரா ஆப்பும் இறக்கி வைத்திருக்கிறேன். அதில் எதை வைக்க வேண்டும் என்று தெரியாததால் அவர் சொன்ன ஒரு கட்டையிலேயே விட்டிருக்கிறேன்.

பிரச்சினை என்னவென்றால், அவர் பாடுகிற ‘ஸ’வை அப்படியே பாடப் போனால் எனக்குச் சத்தமே எழும்புவதில்லை, வெறும் காற்றுதான் வருகிறது. சரி என்று மேலே ஏற்றிப் பாடினால் ‘ம ப’ வரைக்கும் எப்படியோ ஓடிவிடுகிறது, ‘த நி’ வரும்போது கழுத்து நரம்பெல்லாம் இழுத்துக்கொண்டு முகவாய் தானாக மேலே தூக்கிக்கொள்கிறது, மேல் ‘ஸ’ கத்தலாகத்தான் வருகிறது. மறுநாள் காலையில் தொண்டை கட்டியிருக்கும். கம்பெனியில் மிஷின் சத்தத்துக்கு மேலே பேச வேண்டும், பஞ்சுத் தூசி வேறு, அதனால் எது பாட்டால் வந்தது எது வேலையால் வந்தது என்று பிரித்துப் பார்க்கவும் முடியவில்லை. மூச்சும் பத்துவதில்லை. ஒரு வரிசை முடிவதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது.

குடியிருப்பது லைன் வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் தொந்தரவு செய்யாமல் பழக வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள். என் பையன் எட்டாவது படிக்கிறான், என்னோடு உட்கார்ந்து பாடுவான், போன வருடம் வரைக்கும் நல்ல கணீர்க் குரல், இப்போது திடீர் திடீரென்று உடைகிறது, அவனைப் பாடச் சொல்லலாமா வேண்டாமா என்றும் தெரியவில்லை.

எதற்காக இத்தனை பாடு என்றால், அவிநாசியில் சுந்தரர் பாடிய பதிகம் இருக்கிறதே, முதலை விழுங்கிய பிள்ளையை மீட்ட பதிகம், அதை அவிநாசியப்பர் கோயிலில் ஒரு தடவையாவது சுருதி விலகாமல் முழுதாகப் பாட வேண்டும். குரல் வளம் பிறப்பில் வர வேண்டும், இந்த வயதுக்கு மேல் வராது என்று ஒறம்பரையில் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

கோபி பாட்டு டீச்சர்:

அம்மிணி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். குரலைப் பற்றிய கவலையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள், முதலில் மாற்ற வேண்டியது கட்டை, அதாவது உங்கள் ‘ஸ’ நிற்கிற சுருதி.

உங்கள் வீடியோ வாத்தியார் ஆண். ஒரு கட்டை என்பது ஆர்மோனியத்தில் ‘சி’ என்கிற வெள்ளைக் கட்டை. ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுவார்கள். பெண்களுக்கு நாலரையிலிருந்து ஆறுக்குள் வரும், அதில் ஐந்து, ஐந்தரைதான் அதிகம். உங்களுக்கு ஐந்து கட்டை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவருடைய ‘ஸ’ உங்கள் குரலுக்கு மந்தர ஸ்தாயி மத்திமம், அதாவது கீழ் அடுக்கு ‘ம’. அங்கே பழக்கமில்லாத பெண் குரலுக்கு நாதம் எழும்பாது, நீங்கள் சொல்கிற வெறும் காற்று அதுதான். சரி என்று ஒரு ஸ்தாயி ஏற்றிப் பாடுகிறீர்கள். இப்போது அவருடைய ‘ஸ’ உங்களுக்கு ‘ம’, அவருடைய மேல் ‘ஸ’ உங்களுக்குத் தார ஸ்தாயி ‘ம’, அதாவது மேல் அடுக்கு ‘ம’. பல வருடம் சாதகம் செய்தவர்களே கச்சேரியில் யோசித்துத் தொடுகிற இடத்தில் நீங்கள் தினமும் சரளி வரிசை பாடிக்கொண்டிருக்கிறீர்கள். முகவாய் தூக்காமல் என்ன செய்யும்?

கட்டை கண்டுபிடிக்க இப்படிச் செய்யுங்கள். ஆப்பில் ‘ஜி’ என்று இருப்பது ஐந்து கட்டை, அதை வையுங்கள். உடனே பாடாதீர்கள், சும்மா கேளுங்கள். தம்புராவில் ‘ப ஸ ஸ ஸ’ என்று நான்கு தந்தி மாறி மாறி வரும், கடைசி ‘ஸ’ கீழ் ஸ்தாயி. காது அதில் ஊறிய பிறகு வாயை மூடி ‘ம்’ என்று நடு ‘ஸ’வில் சேருங்கள். அங்கிருந்து ‘ஸ நி த ப’ என்று கீழே இறங்குங்கள். கீழ்ப் ‘ப’ மெலிதாகவாவது நாதத்தோடு கேட்க வேண்டும். பிறகு மேலே ஏறி மேல் ‘ஸ’வைத் தொடுங்கள், முகவாய் இருந்த இடத்தில் இருக்க வேண்டும், பேசுகிற அளவுச் சத்தமே போதும். கீழ்ப் ‘ப’ காணாமல் போனால் ஐந்தரைக்குப் போங்கள், மேல் ‘ஸ’ இறுக்கினால் நாலரைக்கு வாருங்கள். எது உட்காருகிறதோ அதில் சில மாதங்களுக்கு நிலையாக நில்லுங்கள். இன்றைக்குத் தொண்டை நன்றாக இருக்கிறது என்று ஒரு கட்டை ஏற்றுவது, நாளைக்கு இறக்குவது, இதெல்லாம் வேண்டாம். காதுக்கு ஒரு வீடு வேண்டும்.

அடுத்து, சரளி வரிசைக்கு அவசரப்படாதீர்கள். ‘ஸ’ மட்டும் நீட்டுங்கள், அப்புறம் ‘ப’, அப்புறம் மேல் ‘ஸ’. சேர்ந்ததா இல்லையா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, தம்புராவே சொல்லிவிடும். கொஞ்சம் விலகி இருந்தால் இரண்டு சத்தத்துக்கும் நடுவே ஒரு அலை அடிப்பது போலக் கேட்கும், சரியான இடத்தை நெருங்க நெருங்க அந்த அலை மெதுவாகி நின்றுவிடும், உங்கள் குரல் எது தம்புரா எது என்று ஒரு கணம் பிரியாது. அந்த இடத்தைக் காது ஒரு முறை கண்டுகொண்டால் பிறகு அது இல்லாமல் பாடப் பிடிக்காது. என்னிடம் வருகிற பிள்ளைகள் எல்லாரும் இந்தக் கட்டத்தைத்தான் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறார்கள், பெற்றோர்களும் எப்போது கீதம் வரும் என்று கேட்கிறார்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரளி வரிசைக்கு மாயாமாளவகௌளை ராகத்தை வைத்தவர் புரந்தரதாசர் என்பது நம் மரபு, 1484 முதல் 1564 வரை வாழ்ந்தவர் என்று சொல்வார்கள். ஏன் அந்த ராகம் என்பது பாடும்போது புரியும். ‘ஸ ரி க ம’ என்ற பாதியில் என்னென்ன இடைவெளி இருக்கிறதோ அதே இடைவெளிதான் ‘ப த நி ஸ’ என்ற பாதியிலும். கீழ்ப் பாதி காதுக்குப் பிடிபட்டுவிட்டால் ‘ப’விலிருந்து அதே நடையை இன்னொரு முறை நடக்கிறீர்கள், அவ்வளவுதான். இதில் வீட்டில் பழகுகிறவர்கள் வழுக்குகிற இடம் ‘ரி’. இது சுத்த ரிஷபம், ‘ஸ’வை ஒட்டிப் பக்கத்திலேயே இருக்கும், ‘க’ ரொம்பத் தள்ளி ‘ம’வுக்குப் பக்கத்தில் இருக்கும். நிறையப் பேர் ‘ரி’யைத் தூக்கிவிடுவார்கள், பிறகு ‘த’வும் அதே மாதிரி தூக்கிக்கொள்ளும். ‘ஸ ரி ஸ’, ‘ஸ ரி ஸ’ என்று அந்தச் சின்ன இடைவெளியை மட்டும் தனியாகத் திரும்பத் திரும்பப் பாடிப் பாருங்கள்.

மூச்சு பத்தவில்லை என்கிறீர்கள். பாதி மூச்சு அந்தக் கத்தலில் போகிறது, கட்டை மாறினால் அதுவே திரும்பி வரும். மீதிக்கு, ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை முடிகிற இடத்தில் மூச்சு எடுங்கள், அது கௌரவக் குறைவு இல்லை. தோள் ஏறக் கூடாது, விலாவும் வயிறும் விரிய வேண்டும், சத்தமில்லாமல் உள்ளே போக வேண்டும். முதல் காலத்தையே, அதாவது மெதுவான நடையையே, ரொம்ப இழுத்துப் பாடினால் யாருக்கும் மூச்சு முட்டும், கொஞ்சம் நடையைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டாம் காலம், மூன்றாம் காலம் எல்லாம் முதல் காலம் சுருதியோடு நின்ற பிறகு. ஸ்வரமாகப் பாடிய வரிசையையே ‘ஆ’ என்று அகாரத்திலும் பாடுங்கள். வாய் நன்றாகத் திறக்க வேண்டும், இரண்டு விரல் நுழைகிற அளவு. பாதி மூடிய வாயில் வருகிற அகாரம் பழகிவிட்டால் அப்புறம் திருத்துவது பெரும்பாடு.

வயதைப் பற்றி உங்கள் ஒறம்பரை சொன்னதை விடுங்கள். கச்சேரி மேடைக்குத் தயாராவது வேறு. ஒரு பதிகத்தைச் சுருதியோடு பாடுவதற்கு வேண்டியது காதும் தினசரிப் பழக்கமும்தான், அது எந்த வயதிலும் வரும்.

நொய்யல்காரன்:

டீச்சரம்மா சொன்ன பிறகு சுருதியைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. நானும் வீட்டில் பழகுகிறவன்தான், ஒன்றரைக் கட்டை. லைன் வீடு, சத்தம், போன் பற்றி மட்டும் சொல்கிறேன் அக்கா.

தம்புராவை இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக் கேட்டுப் பாடாதீர்கள். நம் குரல் நமக்கே சரியாகக் கேட்காது, அதனால் தன்னை அறியாமல் கத்துவோம். ஒரு காதில் மட்டும் மாட்டி மறு காதைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் சின்ன ஸ்பீக்கரில் மெதுவாக வையுங்கள். பாடுகிற இடத்தில் துணி நிறைய இருந்தால் நல்லது. துணி அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு முன்னால் உட்கார்ந்து, இல்லையென்றால் மெத்தை போர்வை மடித்து வைத்திருக்கிற மூலையைப் பார்த்துப் பாடினால் அறைக்குள் எதிரொலி குறையும், வெளியே போகிற சத்தமும் கொஞ்சம் அடங்கும். டைல்ஸ் ஒட்டிய பாத்ரூமில் பாடுவது நேர் எதிர். அங்கே எதிரொலி எல்லாவற்றையும் இழைத்துக் கொடுத்துவிடும், எல்லாமே நன்றாகத்தான் கேட்கும், ஆனால் எந்த ஸ்வரம் விலகியது என்று தெரியாது. சந்தோஷத்துக்குப் பாடலாம், பழக்கத்துக்கு வேண்டாம்.

பாடியதைப் பதிவு செய்து கேளுங்கள். முதலில் கேட்கும்போது இது என் குரலே இல்லை என்று தோன்றும். நாம் பாடும்போது மண்டை எலும்பு வழியாகவும் சத்தம் உள்காதுக்குப் போகிறது, அதனால் நமக்கு நம் குரல் கனமாகக் கேட்கும், போனில் அந்தப் பங்கு இருக்காது. மற்றவர்களுக்குக் கேட்பது போனில் கேட்பதுதான். குரல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் ‘ஸ’ நின்றதா, ‘ரி’ ஏறியதா என்று மட்டும் கேட்டால் மனசு விட்டுப்போகாது. சுருதி காட்டுகிற ட்யூனர் ஆப் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முள்ளைப் பார்த்துக்கொண்டே பாடினால் காது வேலை செய்வதை நிறுத்திவிடும், அதனால் சந்தேகம் வந்தால் மட்டும் பாருங்கள்.

அவிநாசி ரோடு அம்மிணி:

டீச்சரம்மா, நீங்கள் சொன்னபடி ஆப்பில் மாற்றிப் பார்த்தேன். ஐந்திலேயே உட்காருகிறதுங்க. கீழ்ப் ‘ப’ மெலிதாக வருகிறது, மேல் ‘ஸ’ கழுத்து இழுக்காமல் வருகிறது. இத்தனை காலம் வேறு யாருடைய குரலிலோ பாடிக்கொண்டிருந்தது போல இருக்கிறது, எழுதும்போதே கண் கலங்குகிறது.

இரண்டு சந்தேகம். மேல் ‘ஸ’வைத் தாண்டி ‘ரி க’ போய்ப் பார்த்தால் குரல் சட்டென்று மெலிந்து வேறு மாதிரி ஆகிவிடுகிறது, அது தப்பா? அப்புறம் தொண்டைக்குப் பனங்கற்கண்டு மிளகு, வெந்நீர், தேன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எது நிஜமாகவே உதவும்?

கோவை ஸ்பீச் தெரபிஸ்ட்:

அக்கா, குரல் பிரச்சினையோடு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை, டீச்சர்கள், கண்டக்டர்கள், மில் வேலைக்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள். அதனால் உங்கள் கேள்வியில் பாட்டைவிட முதலில் என் கண்ணில் பட்டது மிஷின் சத்தம்.

சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதர்கள் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவார்கள். எத்தியேன் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் இதை எழுதி வைத்தார், இன்றும் அவர் பெயரிலேயே சொல்கிறோம். கவனமாக இருக்கிறேன் என்று நினைத்தாலும் இதை அடக்குவது கஷ்டம். பகல் முழுவதும் குரல் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதி வீங்கிய நிலையில் வீட்டுக்கு வருகிறீர்கள், வந்ததும் தார ஸ்தாயியில் சரளி வரிசை என்றால் தாங்காது. நீங்கள் ஐந்து கட்டை ‘ஸ’வைப் பாடும்போது அந்த நாண்கள் வினாடிக்குச் சுமார் 196 முறை அதிர்கின்றன, மேல் ‘ஸ’வில் 392. முன்பு நீங்கள் பாடிக்கொண்டிருந்த மேல் ‘ஸ’ 523. இத்தனை முறை மோதும்போது அழுத்திப் பாடுவதற்கும் இலகுவாகப் பாடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று பாருங்கள். அதனால் கம்பெனியில் முடிந்தவரை பக்கத்தில் போய்ப் பேசுங்கள், கையசைத்து, தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். மாஸ்க் போடுங்கள், பஞ்சுத் தூசிக்கு அது அவசியம். வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் பேச்சைக் குறைத்து, அப்புறம் பாட உட்காருங்கள். ஃபேன், மிக்சி, டிவி ஓடுகிற இடத்தில் பாடினாலும் அதே விஷயம்தான், கத்துவீர்கள்.

தொண்டையைச் செருமிச் செருமிச் சரி செய்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஒவ்வொரு செருமலும் நாண்களைப் பலமாக மோத வைக்கிறது. ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்குங்கள், அல்லது சும்மா எச்சிலை விழுங்குங்கள். பனங்கற்கண்டு, மிளகு, தேன் எல்லாம் தொண்டைக்கு இதம், சாப்பிடலாம், ஆனால் விழுங்குகிற எதுவும் குரல் நாணில் படாது. பட்டால் புரையேறிவிடும். தண்ணீர் உடம்பு வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும், அதனால் பாடுவதற்கு முன்னால் ஒரு சொம்பு குடிப்பதைவிட நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதே உதவும். மூச்சோடு உள்ளே போகிற ஆவி நேராகப் படும், தொண்டை காய்ந்த நாளில் வெறும் வெந்நீர் ஆவி பிடிக்கலாம்.

லைன் வீட்டுக்கு ஒரு வழி சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. ஜூஸ் கடையில் கொடுக்கிற ஸ்ட்ரா ஒன்று எடுத்து, உதட்டில் காற்று கசியாமல் பிடித்துக்கொண்டு, அதன் வழியாக ‘ஊ’ என்று சுருதியில் பாடுங்கள். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே மெதுவாக வழுக்குங்கள், பிறகு சரளி வரிசையையே ஸ்ட்ராவில் பாடுங்கள். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவின் நுனியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் முக்கி, குமிழி சீராக வருகிற மாதிரியும் பாடலாம். ஸ்ட்ரா வழியாகக் காற்று தடைபட்டு வெளியேறுவதால் நாண்களுக்கு மேலே சிறிது அழுத்தம் உண்டாகிறது, அதனால் அவை பலமாக மோதாமலே அதிர்கின்றன. அமெரிக்கக் குரல் ஆய்வாளர் இங்கோ டிட்சே இதைப் பற்றி நிறைய ஆராய்ந்து பரப்பியவர். உங்களுக்கு இதில் இரட்டை லாபம், சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகவே போகாது. மூச்சு எங்கே தடுமாறுகிறது என்பதும் குமிழியில் தெரிந்துவிடும்.

மேல் ‘ஸ’வுக்கு அப்பால் குரல் மெலிவது தப்பில்லை. நாண்கள் அதிர்கிற விதம் அந்த இடத்தில் மாறுகிறது, எல்லாருக்கும் உண்டு. சிலர் இதைக் கள்ளக்குரல் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். அந்த மெலிந்த குரலிலேயே மேலிருந்து கீழே இறங்கி இறங்கிப் பழகுங்கள், ஒட்டு மெல்ல மெல்ல மறையும். கீழேயுள்ள கனத்தை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போவதுதான் ஆபத்து.

பையனுக்கு மகரக்கட்டு உடைகிற வயது. குரல்வளை வளர்ந்து நாண்கள் நீளமாகின்றன, பேச்சுக் குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், நடுவில் உடைவது சகஜம். பாடலாம், நிறுத்தத் தேவையில்லை. உங்கள் ஐந்து கட்டையில் உங்களோடு சேர்ந்து பாடச் சொல்லாதீர்கள். அவனுக்கு வசதியாக வருகிற நாலைந்து ஸ்வரத்துக்குள் மெதுவாகப் பாடட்டும், வீட்டில் யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிரு வருடத்தில் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை என்று தானாக வந்து நிற்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கட்டையை மாற்றிய பிறகும் தொண்டை கட்டுவது மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது பாடும்போது வலித்தால், இஎன்டி டாக்டரிடம் போய் நாண்களைப் பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. சின்னக் கேமரா வைத்துப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை. நாணில் முடிச்சு இருந்தால்கூட ஆரம்பத்தில் பயிற்சியிலேயே சரியாக வாய்ப்பு அதிகம்.

அன்னூர் கும்மிக்காரர்:

தங்கச்சி, நான் வள்ளி கும்மி ஆடுகிறவன், சங்கீதம் முறையாகப் படித்தவன் இல்லை. எல்லாரும் மெதுவாகப் பாடு, மெதுவாகப் பாடு என்கிறீர்கள், அதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. வாய் திறந்து வெட்டவெளியில் பாடாமல் குரல் திறக்காது. எங்கள் கும்மியில் ஆசிரியர் ஒரு அடி எடுத்துப் பாடுவார், சுற்றி நிற்கிற அத்தனை பேரும் வாங்கிப் பாடுவோம், காலும் கையும் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வாரத்தில் அடிக்கு நடுவிலேயே மூச்சு வாங்குகிறவர்கள், நோம்பிக்கு அரங்கேற்றம் வரும்போது முழு ராத்திரியும் நின்று பாடுவதைப் பார்த்திருக்கிறேன். அறைக்குள் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்ததால் வந்ததில்லை அது, ஆடிக்கொண்டே பாடியதால் வந்தது.

கும்மி முன்பெல்லாம் ஆண்கள்தான் ஆடுவார்கள். மேட்டுப்பாளையம் பக்கத்தில் பத்ரப்பன் ஐயா பெண்களையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார், 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இப்போது ஊர் ஊருக்குப் பெண்கள்தான் அதிகம், உங்கள் வயதுக்காரர்களும் அதற்கு மேலும் இருக்கிறார்கள். திருப்பூர்ப் பக்கமும் கும்மிக் குழு நிறைய இருக்கிறது, சாயங்காலம் கோயில் திடலில் பழகுவார்கள். ஒரு குழுவில் சேர்ந்துவிடுங்கள். கூட்டத்தோடு பாடும்போது கூச்சம் போகும், நம் குரல் தனியாகத் தெரியாது, தைரியமாக வாய் திறப்போம்.

எங்கள் கொங்கு நாட்டுக் குரல் என்றாலே கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் அம்மாதானே. அந்தக் கணீர்க் குரல் மெதுவாகப் பாடியா வந்திருக்கும்?

கோபி பாட்டு டீச்சர்:

அண்ணா, உங்கள் மாற்றுக் கருத்தில் பாதி எனக்கும் சம்மதம். வாய் திறக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை, நானும் அகாரத்துக்கு அதைத்தான் சொன்னேன். கூட்டத்தோடு பாடுவது கூச்சத்துக்கு நல்ல மருந்து. ஆனால் சுந்தராம்பாள் அம்மா மேடையேறிய காலத்தை யோசித்துப் பாருங்கள். 1908-இல் பிறந்தவர், நாடகக் கொட்டகையில் மைக் இல்லாத நாளில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடியாக வேண்டும், அதனால் அந்தக் கால நாடகக்காரர்கள் எல்லாருமே மேல் சுருதியில் பாடினார்கள். அந்தக் குரல் அந்தச் சுருதிக்குச் சின்ன வயதிலிருந்து வளர்ந்த குரல். இன்றைக்கு நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முதலில் சுருதி நிற்கட்டும், பிறகு அதே சுருதியில் சத்தத்தைக் கூட்டலாம். கத்திப் பழகிவிட்டு அப்புறம் சுருதியைத் தேடுவது எனக்குத் தெரிந்து யாருக்கும் சுலபமாக இருந்ததில்லை. கும்மிக்குப் போகிற நாளில் வீட்டுச் சாதகத்தை ஸ்ட்ராவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் அம்மிணி, இரண்டும் ஒரே நாளில் வேண்டாம். கும்மியில் ஆசிரியர் ஆணாக இருந்தால் அங்கேயும் இந்தக் கட்டைப் பிரச்சினை வரும். இறுக்குகிற இடத்தில் வாயசைத்துவிட்டுக் கையைத் தட்டுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் பதிகம். திருப்புக்கொளியூர் அவிநாசிப் பதிகத்துக்குப் பண் குறிஞ்சி, இப்போது அரிகாம்போதி ராகத்தில் பாடுகிறார்கள். சரளி வரிசையில் பழகிய ஸ்வரங்களில் மூன்று இதில் மாறும். ‘ரி’யும் ‘த’வும் மேலே ஏறும், ‘நி’ கீழே இறங்கும், மற்றவை அப்படியே. அதனால் மாயாமாளவகௌளை ஓரளவு நின்ற பிறகு அதே சரளி வரிசைகளை அரிகாம்போதியில் பாடிப் பாருங்கள், அப்புறம் முதல் பாட்டை எடுங்கள். பத்துப் பாட்டையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதல் பாட்டு சுருதியோடு வந்துவிட்டால் அடுத்ததெல்லாம் அதே மெட்டில் போகும், சொற்களைப் பிரித்துப் பொருள் தெரிந்து பாடுவதுதான் வேலை.

மெட்டைக் கோயில் ஓதுவாரிடம் நேரில் கேட்பதே நல்லது. பூசை நேரத்தில் போய் நின்று கேளுங்கள், பிறகு தனியாகச் சொல்லித்தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள், ஆர்வமாக வருகிறவர்களை அவர்கள் பெரும்பாலும் திருப்பி அனுப்புவதில்லை. பையனையும் கூட்டிப் போங்கள். அவனுக்கு இதில் பிடிப்பு வந்தால், ஈரோட்டிலும் கரூரிலும் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது, குரலிசையும் தேவாரமும் தனித்தனிப் பாடமாகவே உண்டு, குரல் நிலைத்த பிறகு யோசிக்கலாம்.

அவிநாசி ரோடு அம்மிணி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அண்ணா, கும்மிக் குழு எங்கள் பக்கத்துக் கோயிலிலேயே பழகுகிறார்கள், விசாரிக்கிறேன். ஸ்ட்ரா வாங்கியாச்சு, பையன்தான் முதலில் எடுத்துக் குமிழி விட்டுப் பார்க்கிறான். டீச்சரம்மா, ஓதுவார் ஐயா பாடுவதும் ஆண் கட்டையில்தானே இருக்கும், அவரிடம் கற்றுக்கொள்ளும்போது நான் எந்தக் கட்டையில் பாடுவது?

கோபி பாட்டு டீச்சர்:

அவர் முன்னால் வாய் திறக்காமல் கேளுங்கள், அவர் அனுமதித்தால் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து தம்புராவை ஐந்தில் வைத்து, அவர் தன் ‘ஸ’வில் நிற்கிற இடத்தில் நீங்கள் உங்கள் ஐந்து கட்டை ‘ஸ’வில் நின்று அங்கிருந்து தொடங்குங்கள். பாடத்தை ஒப்பிக்க அவரிடம் போகும்போது உங்கள் ஆப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய், என் கட்டை ஐந்துங்க ஐயா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஓதுவாராக இருந்தால் அவரே கேட்பார்.